படிவம் மறுக்கும் எடையை எக்ஸெல் ஏற்றுவது ஏன்?

கேள்வி: கோத்தகிரி அருகே சிறு விவசாயிகளிடம் பசுந்தேயிலை கொள்முதல் செய்கிறோம். எடைக் கணக்கை ஜாங்கோ என்னும் நிரல் கட்டமைப்பில் எழுதிய மென்பொருளில் பதிகிறோம்; தரவுத்தளம் மைஎஸ்கியூஎல். திரையில் தட்டும்போது தவறான எடையை மறுக்கும் மென்பொருள், எக்ஸெல் கோப்பை ஏற்றும்போது பெயரற்ற வரிகளையும் மைனஸ் எடையையும் சேமித்துவிடுகிறது. என்ன செய்வது?

பதில்: ஜாங்கோவில் ‘ஃபுல்_கிளீன்’ என்னும் சரிபார்ப்பை திரையில் தட்டும் மாடல் படிவமே அழைக்கிறது, சேமிக்கும் கட்டளையான ‘சேவ்’ அதைத் தானாக அழைப்பதில்லை. தங்கள் எக்ஸெல் நிரல் படிவத்தைத் தொடாமல் நேரே சேமிப்பதாகத் தெரிகிறது. ஒவ்வொரு வரிக்கும் ‘சேவ்’ செய்வதற்கு முன் ‘ஃபுல்_கிளீன்’ அழைக்கச் சொல்லுங்கள். பல வரிகளை ஒரே மூச்சில் சேமிக்கும் ‘பல்க்_கிரியேட்’ பயன்படுத்தியிருந்தால் அது ‘சேவ்’ வழியாகக்கூடச் செல்லாது என்பதால், அங்கும் முன்னரே சரிபார்க்க வேண்டும்.

அத்துடன், எடை பூஜ்யத்துக்கு மேல் இருக்க வேண்டும் என்ற விதியைத் தரவுத்தளத்திலேயே எழுத வேண்டும். மைஎஸ்கியூஎல் 8.0.16-க்கு முந்தைய பதிப்புகள் இத்தகைய ‘செக்’ விதியைப் படித்துவிட்டுப் பிழையேதும் காட்டாமல் புறக்கணித்துவிடும் என்பதால், பதிப்பைக் கேட்டறியுங்கள்.

ஆண்டுப் பராமரிப்பு என்று வரும் இடைத்தரகர்களிடம் எச்சரிக்கை தேவை. ‘டேட்டா கிளீனிங்’ என்ற பெயரில் தவறான வரிகளை அழித்துப் பணம் வாங்குவார்கள். அவை நுழையும் வழியை அடைத்தால் அடுத்த ஆண்டு வேலை இராதே! அழிப்பதற்கு முன் அந்த வரிகளின் பட்டியலைக் கையெழுத்துடன் கேளுங்கள். அவற்றுள் ஒரு விவசாயியின் உண்மையான இலை எடையும் இருக்கலாம்.

கைபேசி எண்ணில் மட்டும் கடுமை காட்ட வேண்டாம். ஒரே எண் இருவருக்குப் பதியக் கூடாது என்று விதித்து, எண் இல்லாதவருக்கு எழுத்தே இல்லாத வெற்றுச் சரத்தைச் சேமித்தால், கைபேசி இல்லாத இரண்டாவது மூதாட்டியை மென்பொருள் திருப்பி அனுப்பிவிடும். உடனே எழுத்தர் பத்து ஒன்பதுகளைத் தட்டுவார். மூன்றாமவருக்கு அதுவும் மறுக்கப்படவே பேரனின் எண்ணைப் போடுவார். எண் இல்லாத இடத்தில், மதிப்பே இல்லை எனக் குறிக்கும் ‘நல்’ சேமியுங்கள். தனித்தன்மை விதி இருந்தாலும் எத்தனை ‘நல்’களையும் மைஎஸ்கியூஎல் ஏற்கும். இலை போடுவதற்குக் கைபேசி எதற்கு என்று எந்தப் படிவமும் யோசிப்பதில்லை.

பழைய தவறான வரிகள் இருக்கும்வரை புதிய ‘செக்’ விதியைச் சேர்க்க முடியாது. அவற்றை எடைச் சீட்டுடன் ஒப்பிட்டுத் திருத்திய பின்பே விதியைச் சேருங்கள்.