தபால் பெட்டியிடம் மன்னிப்புக் கேட்டவர்கள்

அன்புள்ள ஐயா,

இரண்டாம் உலகப் போர்க்கால லண்டனில் நடக்கும் ஒரு சிறுகதை எழுதிக்கொண்டிருக்கிறேன். எதிரி விமானங்களுக்கு ஊர் தெரியாமலிருக்க எல்லா விளக்குகளையும் அணைத்த விளக்கணைப்பு இரவு. குண்டுகள் விழுகின்றன. இரண்டு நண்பர்கள் தெருவில் நின்று ஹிட்லரின் மீசையைப் பற்றி ஜோக் அடித்துச் சிரிக்கிறார்கள். இந்தக் காட்சி செயற்கையாக இருக்கிறது என்று படித்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். அந்த மக்கள் உண்மையில் எதைச் சொல்லித்தான் சிரித்தார்கள்? 'பதறாதே, உன் வேலையைப் பார்' என்ற அந்தக் காலத்துப் புகழ்பெற்ற வாசகம் அச்சிட்ட கோப்பையில்தான் நான் தினமும் காபி குடிக்கிறேன். அந்த நெஞ்சுரம் நம்மிடம் ஏன் இல்லை? அல்லது அந்த நகைச்சுவையே அரசாங்கம் பரப்பியதுதானா? கேரட் தின்றால் இருட்டில் கண் தெரியும் என்று நம்பினார்களாமே, அதுவும் உண்மையா? என் பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த நேரம் நான் வரவேற்பறைத் திரையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தேன். முதலில் திரை, பிறகுதான் விளக்கு. இந்த வரிசை எனக்கு யாரிடமிருந்து ஒட்டிக்கொண்டது என்று சில நாளாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் பதில் எழுதுகிறேன். கதைக்கு யோசனை கேட்டு வரும் மற்றக் கடிதங்களுக்கு நான் எழுதுவதில்லை.

கேரட்டை முதலில் முடித்துவிடுவோம். ஜான் கன்னிங்ஹாம் என்ற விமானி இரவில் ஜெர்மன் விமானங்களைத் தேடிப்பிடித்துச் சுட்டார். 'பூனைக்கண்' என்று அவருக்குப் பட்டப்பெயர். கேரட் தின்றதால் வந்த பார்வை என்று செய்தி பரவியது. விமானத்துக்குள் இருந்தது ரேடார். அதை வெளியே சொல்ல முடியாது. நாட்டில் கேரட்டோ மிதமிஞ்சிக் கிடந்தது. அவ்வளவுதான்.

அடுத்தது உங்கள் கோப்பை. அந்தச் சுவரொட்டியை அரசாங்கம் 1939இல் ஏறக்குறைய 25 லட்சம் பிரதிகள் அச்சிட்டது உண்மை. நிலைமை மிக மோசமானால் ஒட்டலாம் என்று கட்டிவைத்தார்கள். ஒட்டியது மிகக் குறைவு; பெரும்பகுதி காகிதக் கூழாகப் போயிற்று. 2000ஆம் ஆண்டில் வட இங்கிலாந்தின் அனிக் என்ற ஊரில் ஒரு பழைய புத்தகக் கடைக்காரர் பழம்பெட்டி ஒன்றைக் கிளறியபோது அடியில் ஒரு பிரதி கிடைத்தது. அதற்குப் பிறகுதான் கோப்பை, பனியன், துவாலை எல்லாம். குண்டுவீச்சில் இருந்தவர்களில் அநேகம் பேர் கண்ணாலும் பாராத வாசகம் அது. அதை வைத்து அவர்களுடைய நெஞ்சுரத்தை அளந்து, அதே கோலால் நம்மவர் தலையிலும் ஒரு குட்டு வைக்கிறீர்கள். தம்பி, காபியைக் குடியுங்கள், கோப்பையை வாசிக்காதீர்கள்.

ஒட்டிய சுவரொட்டி வேறு. 'உங்கள் துணிவும் உங்கள் மலர்ச்சியும் உங்கள் உறுதியும் எங்களுக்கு வெற்றி தேடித்தரும்' என்று சொன்னது அது. இந்த இடத்தில் நம் மொழிக்கு ஒரு வசதி உண்டு. ஆங்கிலத்தில் நமக்கு, எங்களுக்கு இரண்டும் ஒரே சொல். எழுதிய அதிகாரி 'நமக்கு' என்று நினைத்து எழுதியிருப்பார். வாசித்த சனம் 'எங்களுக்கு' என்றே வாசித்தது. துணிவு உங்களுடையது, வெற்றி எங்களுடையதா என்று முகம் சுளித்தார்கள். சாதாரண மக்களின் பேச்சையும் நாட்குறிப்புகளையும் சேகரிக்க 1937இல் தொடங்கிய மாஸ் அப்சர்வேஷன் என்ற அமைப்பு இந்த எரிச்சலையும் பதிவு செய்திருக்கிறது. சிரிப்பை அரசாங்கம் பரப்பியதா என்று கேட்டீர்களே, அரசாங்கம் மலர்ச்சியைப் பரப்பப் போய்க் கிடைத்தது இதுதான்.

இப்போது உங்கள் காட்சி. குண்டு விழும்போது எவரும் தெருவில் நின்று மீசையைப் பற்றிக் கதைக்க மாட்டார்கள். அதைவிடப் பெரிய பிழை, இருட்டையும் குண்டையும் நீங்கள் ஒன்றாகவே கட்டிவிட்டது. விளக்கணைப்பு 1939 செப்டம்பர் 1ஆம் தேதி தொடங்கியது, போர் அறிவிப்புக்கு இரண்டு நாள் முன்னால். லண்டன்மேல் பெருங்குண்டுவீச்சு தொடங்கியது 1940 செப்டம்பர் 7. நடுவில் ஒரு முழு ஆண்டு! அந்த ஓராண்டு லண்டன்காரருக்கு ஹிட்லர் எதிரியில்லை. விளக்குக் கம்பம்தான் எதிரி.

அந்த ஆண்டை நினைத்துப் பாருங்கள். தெருவிளக்கு ஒன்றும் இல்லை. கார் முகவிளக்குக்கு முகமூடி. கை டார்ச்சின் கண்ணாடிக்கு இரண்டு மடிப்பு மெல்லிய காகிதம். அதற்குப் போடும் பேட்டரியோ கடையில் கிடைக்காது. நடைபாதை விளிம்புக்கும் மரங்களுக்கும் வெள்ளை பூசினார்கள். எசெக்ஸ் பக்கத்தில் மாடுகளுக்கே வெள்ளைக் கோடு போட்டார்கள். ஆண்கள் சட்டையின் பின்நுனியைக் காற்சட்டைக்கு வெளியே தொங்கவிட்டு நடந்தால் பின்னால் வரும் வண்டிக்குத் தெரியும் என்றொரு யோசனை வந்தது. சட்டை நுனி வெளியே தெரிந்தால் மானம் போய்விட்டதாக நினைத்த கனவான்களிடம் அதைச் சொன்னார்கள்!

இது வேடிக்கை மட்டுமல்ல. அந்த முதல் செப்டம்பரில் வீதியில் செத்தவர்கள் முந்தைய ஆண்டுச் செப்டம்பரைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஜெர்மனி ஒரு விமானத்தைக்கூடக் கிளப்பாமல், ஒரு காசு செலவில்லாமல், மாதம் 600 பேரைக் கொல்கிறது என்று மன்னரின் அறுவை மருத்துவராக இருந்த வில்ஃபிரட் டிராட்டர் கசப்போடு எழுதினார். 1941இல் வீதியில் 9,169 பேர் இறந்தார்கள். பிரிட்டனில் வேறெந்த ஆண்டிலும் அத்தனை பேர் வீதியில் சாகவில்லை. 1940 ஜனவரியில் கேலப் நிறுவனம் நடத்திய கருத்துக்கணிப்பில் ஐந்தில் ஒருவர் இருட்டால் ஏதோ ஓர் அடிபட்டதாகச் சொன்னார். மரத்தில் மோதியது, மணல்மூட்டையில் தடுக்கியது, நடைபாதையிலிருந்து கால் தவறியது.

அந்தச் சிரிப்பு இந்த அடிகளிலிருந்து வந்தது. தபால் பெட்டியில் மோதிவிட்டுத் தொப்பியைத் தூக்கி 'மன்னிக்க வேண்டும் அம்மா' என்று சொன்ன மனிதரின் கதையை ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் சொல்லிச் சிரித்தார்கள். ரயிலில் மங்கலான நீல விளக்கு. நிலையத்தின் பெயர் தெரியாது. வண்டி நின்றதும் கதவைத் திறந்து, நடைமேடை இல்லாத பக்கம் இறங்கியவர்களின் கதைகள் தனி. இதில் எங்கே தம்பி நெஞ்சுரம்? இது முணுமுணுப்பு. திரும்பத் திரும்பச் சொல்கிறேன், முணுமுணுப்புத்தான். முழங்கால் சிராய்த்தவன் அடுத்த வீட்டுக்காரனிடம் சொல்லும் புகார், மூன்றாவது ஆளிடம் போகும்போது ஜோக் ஆகிவிடுகிறது. அதில் உபயோகமும் இருந்தது: எந்த முனையில் எது நிற்கிறது என்று கேட்பவனுக்குத் தெரிந்துவிடும். பக்கத்தில் இருப்பவரிடம் வானிலையைத் தவிர வேறு பேசாத மனிதர்கள் இருட்டில் குரல் கொடுத்தே நடக்க வேண்டியிருந்தது. குரல் கொடுக்காதவன் மோதினான். மோதியபின் பேசாமல் எப்படி?

எனக்கு இது புத்தகத்தில் கிடைத்ததல்ல. 1996இல் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்து சேர்ந்தபோது கிழக்கு லண்டனில், ஈஸ்ட் ஹாமில், ஒரு வயதான வெள்ளைக்கார அம்மாவின் மேல்மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். போர்க்காலத்தில் அவவுக்குப் பதினேழு வயது. அவவின் அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. அவவின் அம்மா அந்தத் தெருவின் விமானத்தாக்குதல் வார்டன். வார்டன்களில் ஆறில் ஒருவர் பெண். முழுநேர வேலையென்றால் ஆணுக்கு வாரம் 3 பவுண், பெண்ணுக்கு 2. முதல் வருடம் வார்டன்களை ஒருவருக்கும் பிடிக்காது. குண்டும் விழவில்லை, நெருப்பும் இல்லை. யன்னலில் நூலளவு வெளிச்சம் கசிந்தால் வந்து 'விளக்கை அணை!' என்று கத்துவதுதான் அவர்கள் வேலை. 1940இல் மட்டும் விளக்கணைப்புக் குற்றத்துக்காக நீதிமன்றம் போனவர்கள் சுமார் 3 லட்சம் பேர். தீக்குச்சி கிழித்தவருக்குக்கூட அபராதம் உண்டு.

ஒருநாள் இரவு இந்தப் பெண் நடனத்துக்குப் போய்விட்டுப் பிந்தி வந்திருக்கிறா. சாவித் துவாரம் தெரியவில்லை. ஒரு தீக்குச்சியைக் கிழித்தா. இருட்டுக்குள்ளிருந்து அதிகாரக் குரல்: "யாரது? எந்த வீட்டுப் பிள்ளை நீ? அம்மாவின் பெயரைச் சொல்லு, எழுதிக்கொள்கிறேன்."

"உங்கள் பெயர்தான் அம்மா."

இந்தக் கதையை எனக்கு நாலைந்து தரம் சொல்லியிருக்கிறா. ஒவ்வொரு தரமும் அம்மாவின் குரலில்தான் சொல்லுவா.

செப்டம்பர் 7ஐப் பற்றி ஒரே ஒரு தரம்தான் சொன்னா. துறைமுகக் கிடங்குகள் எரிந்தன. ஒரு வருடமாக ஒரு தீக்குச்சியை ஒளித்து ஒளித்து வைத்திருந்த தெருவில் நடுராத்திரி நின்று பேப்பர் வாசிக்கலாம் போல வெளிச்சமாம். அதற்குப் பிறகு வார்டன்களை ஒருவரும் கேலி செய்யவில்லை. நிலாவையும் அதற்குப் பிறகு ஒருவருக்கும் பிடிக்கவில்லை. முதல் குளிர்காலத்தில் முழுநிலா என்றால் நடக்கலாம் என்று சந்தோஷப்பட்டவர்கள், அடுத்த குளிர்காலத்தில் அதற்கு 'குண்டுக்காரன் நிலா' என்று பெயர் வைத்தார்கள். நவம்பர் 14, கோவென்ட்ரி நகரம் எரிந்த இரவும் நல்ல நிலவுதான்.

நிலாக் கதையைக் கேட்டதும் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. 1990இலிருந்து யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இருக்கவில்லை. மண்ணெண்ணெய் வருவது தடை. ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அதில் கொஞ்ச எண்ணெய், ஒரு திரி. அந்த வெளிச்சத்தில்தான் நான் படித்தேன். செய்தி கேட்கும் நேரம் யாராவது ஒருவர் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் ரேடியோ பாடும். சுற்றுகிற ஆள் களைத்தால் செய்தி வாசிக்கிற ஆளும் களைத்துவிடுவார். நாங்கள் சிரித்தது அதற்குத்தான். பொம்மர் என்ற குண்டுவீச்சு விமானத்தின் இரைச்சல் கேட்கும்போது ஒருவரும் சிரிக்கவில்லை. பங்கர் என்ற பதுங்குகுழிக்குள் முதலில் பாய்ந்தவர் யார் என்று அடுத்த நாள்தான் சிரித்தோம். நம்மவரிடம் அது இல்லையென்று எழுதுகிறீர்கள். யாரிடம் கேட்டீர்கள்?

சரி, கோபத்தை விடுவோம். ஒரு குளிர்கால மாலை அந்த ஈஸ்ட் ஹாம் தெருவில் மின்சாரம் நின்றுவிட்டது. கீழே வந்து பார்த்தேன். வீட்டுக்கார அம்மா இருட்டில் கதிரையில் இருந்தா. எனக்குத் தெரிந்த வேலை இது ஒன்றுதான்: குசினிக்குள் தடவிப் போய் மர்மலேட் போத்தல் ஒன்றைக் கழுவி, பஞ்சும் சமையல் எண்ணெயும் விட்டு, பழைய துணியில் திரி திரித்துக் கொண்டுவந்தேன். தீக்குச்சியை எடுத்தேன்.

"பொறு," என்றா. மூட்டு வலியோடு எழும்பி, சுவரைப் பிடித்து நடந்து, யன்னல் திரை இரண்டையும் இழுத்து மூடி, நடுவில் இடைவெளி இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்தா.

"ஏன்?" என்றேன்.

"அம்மா வந்துவிடுவா," என்றா. "இப்போது கொளுத்து."