சட்ட மேசை: ஒப்புக்கொண்ட விலையிலிருந்து விற்பவர் பின்வாங்கினால்?

கேள்வி: ஹாரோவில் ஒரு வீட்டை நாங்கள் கேட்ட விலைக்கே தருவதாக உரிமையாளர் ஒப்புக்கொண்டார். சர்வேக்கும் (வீட்டின் நிலையை ஆராயும் பரிசோதனை) சொலிசிட்டருக்கும் (வீட்டு விற்பனையைக் கவனிக்கும் வழக்கறிஞர்) பணம் கட்டிய பிறகு, வேறொருவர் கூடுதலாகத் தருகிறார் என்கிறார். வழக்குத் தொடுக்கலாமா?
– லண்டன் வாசகி

பதில்: உங்கள் ஆதங்கம் நியாயமானது, ஆனால், சட்டம் அவர் பக்கமே நிற்கிறது. 1989ஆம் ஆண்டுச் சட்டப்படி, இங்கிலாந்தில் வீட்டு விற்பனை ஒப்பந்தம் எல்லா நிபந்தனைகளையும் உள்ளடக்கிய எழுத்து வடிவில், இரு தரப்பின் கையொப்பத்துடன் இருந்தால்தான் செல்லும். வீட்டு விற்பனை முகவரின் கடிதத்தை எடுத்துப் பாருங்கள்: ‘ஒப்பந்தத்துக்கு உட்பட்டு’ என்ற தொடர் அநேகமாக அதில் இருக்கும், இன்னும் எவரும் கட்டுப்படவில்லை என்பதே அதன் பொருள். கையொப்பமிட்ட பிரதிகளைச் சொலிசிட்டர்கள் பரிமாறிக்கொண்ட பின்னரே இருவரும் கட்டுப்படுவார்கள்; வழக்கமான 10 சதவீத முன்பணமும் பொதுவாக அப்போதே கைமாறும்.

சர்வே செலவையும் விற்பவரிடம் கேட்க இயலாது. அடுத்த முறை, குறிப்பிட்ட காலத்துக்கு வேறு எவருடனும் பேரம் பேசுவதில்லை என்று விற்பவரிடம் தனி ஒப்பந்தம் எழுதி வாங்குங்கள். இத்தகைய இரண்டு வார உறுதிமொழி ஒன்றை மேல்முறையீட்டு நீதிமன்றம் 1993இல் செல்லும் என்றது. அதை மீறினால் இழப்பீடு கோரலாம். வீட்டைக் கோர முடியாது.