பால் குடித்தால் வயிறு உப்புகிறது; எந்தப் புரதப் பவுடர் வாங்கலாம்?

லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை ஒத்துக்கொள்ளாததுதான் சிக்கல் என்றால், பாலிலிருந்து எடுக்கும் வே (whey) புரதத்தையே ஒதுக்க வேண்டாம். டப்பாவின் பின்பக்கம் பாருங்கள். 'கான்சென்ட்ரேட்' (குறைவாகச் சுத்திகரித்த வே) என்றால் 30 கிராம் ஸ்கூப்பில் சுமார் 1.5 முதல் 2 கிராம் லாக்டோஸ் இருக்கும். 'ஐசொலேட்' (கூடுதலாகச் சுத்திகரித்த வே) என்றால் பெரும்பாலும் 0.3 கிராமுக்குள். 200 மி.லி. பாலிலோ ஏறக்குறைய 10 கிராம். முன்பக்கம் 'ஐசொலேட்' என்று பெரிதாகப் போட்டுவிட்டு, பொருள் பட்டியலில் கான்சென்ட்ரேட்டை முதலில் எழுதும் டப்பாக்கள் உண்டு; எடை கூடியதுதான் முதலில் வரும்.

ஐசொலேட்டுக்கும் உப்பினால் இனுலின் (ஒரு நார்ச்சத்து), சார்பிட்டால் (ஒரு இனிப்பூட்டி) இருக்கிறதா என்று தேடுங்கள். முதல் மூன்று நாள் அரை ஸ்கூப், தண்ணீரில். பாலில் கலக்கிவிட்டுப் பவுடரைத் திட்டாதீர்கள்!

அரிப்பு, தடிப்பு, மூச்சுத்திணறல் வந்தால் அது பால் புரத அலர்ஜியாக இருக்கலாம். உடனே மருத்துவரைப் பாருங்கள். அலர்ஜிதான் என்றால் ஐசொலேட்டும் ஆகாது, பட்டாணிப் புரதம் பக்கம்தான் போக வேண்டும்.