லேப்டாப் ஐ7 பெரிதா, டெஸ்க்டாப் ஐ5 பெரிதா? – வாசகர் கேள்விகள்

கேள்வி: வணக்கம் சார். கல்யாண வீடியோ எடிட் செய்கிறோம். ஸ்டூடியோவில் இருப்பது ஐ5-12400 போட்ட டெஸ்க்டாப். வெளியூர் வேலைக்காக ஐ7-1255யூ லேப்டாப் வாங்கினோம். இரண்டும் 12ஆம் தலைமுறை, இரண்டிலும் 16 ஜிபி ராம். லேப்டாப்பில் 10 கோர், டெஸ்க்டாப்பில் 6 கோர்தான். ஆனால் அதே வீடியோவை எக்ஸ்போர்ட் போட்டால் லேப்டாப்தான் ரொம்ப நேரம் எடுக்கிறது. பழுதாக இருக்குமோ?
– ஒரு வீடியோகிராபர், ஈரோடு

பதில்: பழுதாக இருக்க வாய்ப்பில்லை, சர்வீஸ் சென்டருக்கு அலைய வேண்டாம். இன்டெல் தன் பிராசஸர்களுக்குப் போடும் 3, 5, 7, 9 என்ற எண்கள் லேப்டாப்புக்கு ஒரு வரிசை, டெஸ்க்டாப்புக்கு வேறொரு வரிசை. மாடல் எண் யூ என்று முடியும் யூ வகை ஐ7 என்றால் யூ வகை ஐ5க்கு மேல் என்று மட்டும்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அதைக் கொண்டுபோய் டெஸ்க்டாப் ஐ5 பக்கத்தில் வைத்தால் கணக்கு ஒட்டாது.

முதலில் கோர் (பிராசஸருக்குள் வேலையைச் செய்யும் தனித்தனிப் பகுதி) கணக்கைப் பார்ப்போம். 12ஆம் தலைமுறையிலிருந்து இன்டெல் பெரும்பாலான மாடல்களில் வேகமான பெரிய கோர், மின்சாரம் மிச்சப்படுத்தும் சின்ன கோர் என இரண்டு வகையைக் கலந்து போடுகிறது. உங்கள் 1255யூவில் இருக்கும் பத்தில் பெரியது 2, சின்னது 8. 12400இல் இருக்கும் ஆறுமே பெரியவை. பெரிய கோர் ஒவ்வொன்றும் ஒரே சமயத்தில் இரண்டு வேலையைப் பிடிக்கும் என்பதால் த்ரெட் எண்ணிக்கை இரண்டிலும் 12தான், ஆனால் லேப்டாப்பில் அந்தப் பன்னிரண்டில் எட்டைச் சுமப்பது சின்ன கோர்கள்.

அடுத்தது வாட். எனக்கு இதுதான் முக்கியம், விளம்பரத்தில் இதைப் போடவே மாட்டார்கள். 1255யூவுக்கு அடிப்படை மின் அளவு 15 வாட், 12400க்கு 65 வாட். வேகத்தைக் கூட்டும்போது முதலாவது 55 வாட் வரை போகலாம், இரண்டாவது 117 வாட் வரை. லேப்டாப்பின் மெல்லிய உடம்புக்குள் அந்த 55 வாட் சூட்டைத் தொடர்ந்து வெளியே தள்ள முடியாது, அதனால் கொஞ்ச நேரம் பாய்ந்துவிட்டு, அந்த லேப்டாப் கம்பெனி வைத்திருக்கும் எல்லைக்கு இறங்கிவிடும். பெட்டிமேல் எழுதியிருக்கும் உச்ச வேகம் 1255யூவுக்கு 4.7 கிகாஹெர்ட்ஸ், 12400க்கு 4.4தான், அதாவது காகிதத்தில் லேப்டாப்தான் ஜெயிக்கிறது. பிரவுசர் திறப்பது, போட்டோ ஒன்றைச் சரிசெய்வது மாதிரி சில நொடி வேலையில் நிஜத்திலும் அது சளைக்காது. அரை மணி நேர எக்ஸ்போர்ட்டில் அந்த 4.7 தாக்குப்பிடிக்காது.

சரி, இப்போது என்ன செய்யலாம்? சார்ஜரைச் செருகியே வேலை செய்யுங்கள், விண்டோஸ் பவர் மோடை உச்சத்தில் வையுங்கள், எடிட்டிங் மென்பொருளின் எக்ஸ்போர்ட் பகுதியில் ஹார்டுவேர் என்கோடிங் இருந்தால் அதைப் போடுங்கள். அந்தச் சிப்பிலேயே வீடியோவுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது, கோர்களின் பாரம் நன்றாகக் குறையும். அடுத்த முறை வாங்கும்போது கடைசி எழுத்தை முதலில் பாருங்கள். யூ என்றால் பேட்டரிக்காகச் செய்தது, ஹெச் என்றால் கனமான வேலைக்கு. ஐ7-12700ஹெச்சில் பெரிய கோர் 6, சின்னது 8, அடிப்படை 45 வாட். நல்ல ஃபேன் உள்ள உடம்பில் இருந்தால் அது உங்கள் டெஸ்க்டாப்புக்குச் சமமாக நிற்கும், மிஞ்சவும் செய்யும். எடையும் விலையும் கூடும், பேட்டரி குறையும், அதற்குத் தயாராக இருங்கள்.

கேள்வி: செகண்ட் ஹேண்டில் ஐ7-7500யூ லேப்டாப், ஐ5-8250யூ லேப்டாப் இரண்டும் ஒரே விலைக்கு வருகிறது. ஐ7ஐ எடுத்துவிடலாமா அண்ணா?
– கல்லூரி மாணவி, திண்டுக்கல்

பதில்: வேண்டாம்மா, ஐ5ஐ எடு. அந்த ஐ7இல் இருப்பது வெறும் 2 கோர், 4 த்ரெட். இத்தனைக்கும் அதே காலத்து டெஸ்க்டாப் ஐ5-7500இல் முழுசாக 4 கோர் இருந்தது. 2017இல் வந்த 8250யூவில்தான் 15 வாட் லேப்டாப்புக்கும் 4 கோர், 8 த்ரெட் கிடைத்தது. இன்னொரு காரணம், விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது, விண்டோஸ் 11இன் அதிகாரப்பூர்வப் பட்டியலில் 8250யூ உண்டு, 7500யூ கிடையாது. அப்புறம், கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பாமல் லேப்டாப்பை ஆன் செய்து டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திற. பிராசஸரின் முழுப் பெயர், கோர், த்ரெட் எல்லாம் அங்கேயே தெரியும். பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதையும் பார்த்துவிட்டுப் பணம் கொடு.

கேள்வி: ஐ5-12400எஃப் வாங்கி அசெம்பிள் செய்தேன். ஃபேன் ஓடுகிறது, மானிட்டரில் ஒன்றும் வரவில்லை. கிராபிக்ஸ் கார்டு இன்னும் வாங்கவில்லை.

பதில்: எஃப் என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. கார்டு போட்டால்தான் படம் வரும். மாற்றித் தருவார்கள் என்றால் எஃப் இல்லாத 12400ஐக் கேளுங்கள்.

கேள்வி: ரைசன் 5 7520யூ, ரைசன் 5 5625யூ. எண் பெரிதாக இருப்பதுதானே புதியது? அதுதானே வேகம்?
– வாசகர், மதுரை

பதில்: புதியது என்பது சரி, வேகம் என்பது சரியில்லை. ரைசன் சிப்களைச் செய்யும் ஏஎம்டி கம்பெனி 2022 செப்டம்பரில் லேப்டாப் சிப்களுக்கு ஒரு புதுப் பெயர் முறையை அறிவித்தது. முதல் இலக்கம் விற்பனை ஆண்டு (7 என்றால் 2023), இரண்டாவது தரம், மூன்றாவதுதான் உள்ளே இருக்கும் கோரின் தலைமுறை. 7520இல் மூன்றாவது இலக்கம் 2, அதாவது 2019இல் முதலில் வந்த ஜென் 2 என்ற தலைமுறை. கோர் 4தான். 5625யூவில் அதைவிடப் புதிய ஜென் 3, கோர் 6, த்ரெட் 12. பழைய கோரைப் புதிய எண்ணில் விற்பது, விலை பார்த்து வாங்குபவர்களுக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன், ஏனென்றால் மூன்றாவது இலக்கத்தைப் பார்க்கத் தெரியாதவர்கள்தான் அந்த விலையில் அதிகம் வாங்குகிறார்கள். இன்னொன்று, 7520யூ போட்ட லேப்டாப்பில் ராம் போர்டோடு ஒட்டியே வரும், பிறகு கூட்ட முடியாது. 8 ஜிபி மாடலை எடுத்தால் கடைசி வரை 8 ஜிபிதான்.

இந்த மூன்றாம் இலக்க விதியை டெஸ்க்டாப்பில் பொருத்திப் பார்க்காதீர்கள். டெஸ்க்டாப் ரைசன் 5 7600இல் மூன்றாவது இலக்கம் பூஜ்யம், உள்ளே இருப்பதோ ஜென் 4. 2024இல் ரைசன் ஏஐ 300 வரிசை வந்தபோது லேப்டாப்பிலும் பெயர் முறை மறுபடி மாறிவிட்டது.

கேள்வி: இப்போது ஐ7 என்றே காணோமே, கோர் அல்ட்ரா 7 255 என்று மூன்று லேப்டாப் காட்டினார்கள், மூன்றுக்கும் விலை வேறு. ஏன்?

பதில்: 2023 டிசம்பரில் வந்த கோர் அல்ட்ராவோடு இன்டெல் அந்த 'ஐ'யை எடுத்துவிட்டது. 255க்குப் பின்னால் என்ன எழுத்து என்று கேட்டீர்களா? 255யூவில் 12 கோர், 255ஹெச்சில் 16, 255ஹெச்எக்ஸில் 20. ஹெச்எக்ஸ் கிட்டத்தட்ட டெஸ்க்டாப் சிப்பையே லேப்டாப்புக்குள் இறக்கியது மாதிரி, விளையாட்டுக்கும் பெரிய எடிட்டிங்குக்கும்தான் அது. உங்களுக்கு ஆபீஸ் வேலை மட்டும் என்றால் 255யூ தாராளம், மிச்சப் பணத்தை ராமில் போடுங்கள்.

கேள்வி: எங்கள் அலுவலகத்துக்கு ஆல் இன் ஒன் கம்ப்யூட்டர் பத்து வாங்கப்போகிறோம். அது டெஸ்க்டாப் கணக்கில்தானே வரும்?

பதில்: மேஜையில் உட்கார்ந்திருப்பதால் டெஸ்க்டாப் என்று விற்கிறார்கள், ஆனால் பலவற்றில் உள்ளே இருப்பது யூ வகை லேப்டாப் சிப். அப்படியானால் பிராசஸரைக் கழற்றி மாற்ற வழியில்லை, போர்டிலேயே ஒட்டியிருக்கும். சாதாரண டவர் பெட்டியில் 12ஆம் தலைமுறை ஐ3 வாங்கினால்கூட, மதர்போர்டு பயாஸ் (கம்ப்யூட்டரைத் துவக்கும் அடிப்படை மென்பொருள்) இடம் கொடுத்தால், அதே சாக்கெட்டில் பிற்பாடு 14ஆம் தலைமுறை வரை ஏற்றிக்கொள்ளலாம். இடப் பற்றாக்குறை இல்லையென்றால் டவரே வாங்குங்கள். கொட்டேஷனில் 'ஐ5' என்று மட்டும் எழுதித் தந்தால் திருப்பி அனுப்பி, கடைசி எழுத்து வரை முழு மாடல் எண்ணை எழுதி வாங்குங்கள்.