ஊசி டெஸ்ட்டில் தெரிந்த பிறகும் மூக்கில் பயாப்ஸி எதற்கு?

"அப்பாவுக்கு 52 வயது. ஒரு பக்க மூக்கடைப்பு, அடிக்கடி ரத்தம், அப்புறம் கழுத்தில் நெறிக்கட்டு. அதில் ஊசி குத்திப் பார்த்தார்கள். 'ஸ்மால் ரவுண்ட் செல் ட்யூமர், ஆல்ஃபேக்டரி நியூரோபிளாஸ்டோமாவாக இருக்கலாம்' என்று ரிப்போர்ட். இப்போது மூக்கிலும் சதை எடுக்கணுமாம். அவசியமா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

அவசியம்தாம்மா, தள்ளிப்போடாதீர்கள். அந்த 'இருக்கலாம்' என்ற சொல்லை நோயியல் மருத்துவர் யோசித்துத்தான் எழுதியிருப்பார்.

ஆல்ஃபேக்டரி நியூரோபிளாஸ்டோமா என்பது மூக்குக்குள் மேல்கூரையில், வாசனையை உணரும் சவ்வில் முளைக்கிற அபூர்வமான புற்றுநோய்க் கட்டி. 1924இல் பிரான்சில்தான் முதலில் விவரித்தார்கள். ஸ்லைடில் பார்த்தால் சின்னச் சின்ன உருண்டை செல்கள், உட்கருவுக்குள் ரவை தூவின மாதிரி புள்ளிகள். நூலிழை போன்ற ஒரு பொருளைச் சுற்றி அந்த செல்கள் வட்டம் கட்டி நின்றால் (ஹோமர் ரைட் ரோசெட் என்போம்) சந்தேகம் வலுக்கும். ஆனால் எல்லா நோயாளிகளின் ஸ்லைடிலும் அந்த வட்டம் தென்படுவதில்லை, தீவிரமான வகையில் அந்த நூலிழையே இல்லாமல் போகலாம், அப்போது லிம்போமா (நிணநீர்ப் புற்று), ராப்டோமையோசார்கோமா (தசைப் புற்று), ஈவிங் சார்கோமா (எலும்பிலோ மென்திசுவிலோ வரும் புற்று), ஏன் மெலனோமாகூட (நிறமி செல் புற்று) ஸ்லைடில் ஏறக்குறைய இதே முகத்தோடு வந்து நிற்கும். லிம்போமா என்றால் கீமோதான் பிரதானம். இந்த மூக்குக் கட்டி என்றால் பெரும்பாலும் ஆபரேஷனும் கதிர்வீச்சும். பெயர் மாறினால் வைத்தியமே மாறிவிடும்.

அதைப் பிரிக்கத்தான் இம்யூனோ சாயங்கள், அதாவது செல்லில் குறிப்பிட்ட புரதம் இருக்கிறதா என்று காட்டும் சாயங்கள். சினாப்டோஃபைசின், குரோமோகிரானின் ஏறினால் நரம்புச் சாயல்; சிடி45 ஏறினால் லிம்போமா பக்கம்; டெஸ்மின், மையோஜெனின் என்றால் தசைக் கட்டி. எஸ்-100 மட்டும் கொஞ்சம் விசேஷம், இந்தக் கட்டியில் அது செல் கூட்டங்களின் ஓரத்தைச் சுற்றி மெல்லிய வேலி போலப் பிடிக்கும். ஊசியில் உறிஞ்சிய செல்கள் சிதறிக் கிடப்பதால் அந்த வேலியை அதில் பார்ப்பது கஷ்டம். சதைத் துண்டில்தான் அமைப்பு கலையாமல் இருக்கும். கட்டி எவ்வளவு வீரியமானது என்று கிரேடு போடவும் அதுதான் வேண்டும்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். மூக்குக்கும் மூளைக்கும் நடுவே சல்லடை மாதிரி ஓர் எலும்புதான் இருக்கிறது, கட்டியில் ரத்த ஓட்டமும் அதிகம். அதனால் ஸ்கேன் எடுத்துப் பார்த்த பிறகுதான் பயாப்ஸி. ஊசி டெஸ்ட் ஸ்லைடுகளையும், செல் பிளாக் (ஊசியில் எடுத்த செல்களை மெழுகில் பதித்த கட்டி) செய்திருந்தால் அதையும் கேட்டு வாங்கி, பயாப்ஸி பார்க்கிற லேபில் கொடுத்துவிடுங்கள். ரிசல்ட் வந்ததும் பயாப்ஸி சதையைப் பதித்து வைத்த மெழுகு பிளாக்கையும் வாங்கி, தலை-கழுத்துக் கட்டிகளைத் தினமும் பார்க்கிற இன்னொரு நோயியல் மருத்துவரிடம் காட்டுங்கள், சிகிச்சை தொடங்குவதற்கு முன்னாலேயே.