வாசகர் கேள்வி பதில்: ஆகாயகங்கைக்கு மாமியாரை அழைத்துப் போகலாமா?

கேள்வி: நாங்கள் மன்னார்குடிப் பக்கத்து விவசாயக் குடும்பம். சம்பா நடவு முடிந்ததும் கொல்லிமலைக்குப் போய் ஆகாயகங்கை அருவியில் குளிக்க வேண்டும் என்று பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள். என் மாமியாருக்கு 68 வயது. முழங்கால் வலி உண்டு. ஆனாலும் தினமும் வாய்க்கால் கரையில் 2 கிலோமீட்டர் நடக்கிறார். "இவ்வளவு நடக்கிற எனக்குப் படி இறங்குவது ஒரு காரியமா?" என்று கேட்கிறார். அவரை அழைத்துப் போகலாமா? ஒரே நாளில் போய்த் திரும்ப முடியுமா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: கொல்லிமலைக்கு உங்கள் மாமியாரை அவசியம் அழைத்துப் போங்கள். ஆகாயகங்கையின் அடிவரை மட்டும் அவர் இறங்க வேண்டாம்.

மற்ற மலைகளில் காலில் வலு இருக்கும்போது ஏறி, களைத்த பிறகு இறங்குவோம். இங்கே எல்லாம் தலைகீழ். அறப்பளீசுவரர் கோயிலுக்கு அருகிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் பள்ளத்துக்குள் இறங்குகின்றன. ஏறத்தாழ 300 அடி உயரத்திலிருந்து விழும் ஐயாறு அந்தப் பள்ளத்தில்தான் இருக்கிறது. குளித்து, பசித்து, உடம்பு தளர்ந்த பிறகு அத்தனை படிகளையும் ஏறியாக வேண்டும். நடுவழியில் முடியாமல் போனால் வண்டி வந்து ஏற்றிக்கொள்ள வழியே கிடையாது.

வாய்க்கால் கரையில் நடப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் படிக்கு அது பயிற்சி ஆகாது. சமதரையில் முழங்கால் அதிகம் மடங்குவதில்லை. படி இறங்கும்போது ஒவ்வொரு அடியிலும் மடங்கிய முழங்காலின் மேல் உடல் எடையைப் போலப் பல மடங்கு சுமை இறங்குகிறது. தேய்ந்த மூட்டு சில சமயம் அந்தச் சுமையை இறங்கும்போது காட்டிக்கொள்ளாது. திரும்பி ஏறும்போதுதான் காட்டும். என் பெரியம்மாவோடு போனபோது இதைக் கண்ணால் பார்த்தேன். ஆயுள் முழுவதும் வரப்பில் நடந்தவர் அவர். அரை மணி நேரத்தில் சிரித்துப் பேசிக்கொண்டே இறங்கிவிட்டார். திரும்பும்போது ஒவ்வொரு படியிலும் வலது உள்ளங்கையைத் தொடையில் ஊன்றி, மறு கையால் கைப்பிடிக் கம்பியை இழுத்துப் பிடித்துத்தான் காலைத் தூக்க முடிந்தது. படிகளும் ஒரே அளவில் இல்லை. ஒரு சாண் உயரப் படிக்கு அடுத்ததாக முழங்கால் உயரத்துக்கு ஒரு படி நிற்கும். மேலே வந்து சேர இரண்டரை மணி நேரம் ஆனது. அடுத்த ஒரு வாரம் அவரால் தரையில் உட்கார முடியவில்லை. அழைத்துப் போனது நான்தான் என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

உங்கள் மாமியார் கோயிலில் இருக்கட்டும். அறுத்த மீன்கள் மீண்டும் பொருந்தி ஆற்றில் நீந்தியதாகத் தல வரலாறு சொல்வதால், பக்கத்து ஓடையில் உள்ள மீன்களுக்கு இன்றும் பக்தர்கள் பொரி போடுகிறார்கள். அவருக்கு அருவிக் குளியலும் வேண்டுமென்றால், மாசிலா அருவியும் நம்ம அருவியும் அதே மலையில் இருக்கின்றன. அங்கே இறங்க வேண்டிய படிகள் குறைவு. பிள்ளைகள் ஆகாயகங்கைக்குப் போய் வரும் நாளில் நீங்கள் ஒருவர் அவரோடு தங்கிவிடுவது நல்லது. தனியாக விட்டுப் போக வேண்டாம்.

ஒரே நாள் போதாது. மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர், திருச்சி வந்து, அங்கிருந்து காவிரியின் வடகரையை ஒட்டி முசிறி, தொட்டியம் வழியாக நாமக்கல்லுக்கு ஏறத்தாழ 85 கிலோமீட்டர் போக வேண்டும். பிறகு சேந்தமங்கலம் தாண்டிக் காரவள்ளி அடிவாரத்தில் தொடங்கும் மலைப்பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். விடியுமுன் கிளம்பினாலும் அருவியின் முதல் படியில் கால் வைக்கும்போது உச்சி வெயிலாகிவிடும். செம்மேட்டில் ஓர் இரவு தங்கி, மறுநாள் காலையில் இறங்குங்கள். வளைவுகளில் வாந்தி வரக்கூடிய பிள்ளைகளுக்கு அடிவாரத்தில் வயிறு நிறையச் சாப்பாடு கொடுக்காதீர்கள்.

நீங்கள் குறித்திருக்கும் காலம்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது. சம்பா நடவு முடியும் நேரம் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரம். நீர்வரத்து மிகுந்தால் வனத்துறை குளிக்கத் தடை விதித்துவிடும். மார்கழிக் கடைசியில், அறுவடைக்கு முன் கிடைக்கும் சில நாட்கள் ஏற்றவை. மழை ஓய்ந்திருக்கும், அருவியிலும் நீர் இருக்கும். மலை 1,000 மீட்டருக்கு மேல் இருப்பதால் இரவில் நன்றாகக் குளிரும். ஆளுக்கொரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மகன்கள் இருவரும் சிறு வயதிலிருந்தே அரசலாற்றில் நீந்திப் பழகியவர்கள். வானம் தெளிவாக இருக்கும் நாளில் மலையருவியில் அவர்களைத் தாராளமாகக் குளிக்க விடலாம் அல்லவா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: தாராளமாக விட வேண்டாம். நாம் தண்ணீரோடு பிறந்து வளர்ந்தவர்கள். ஆனால் நாம் அறிந்தது சொல்லிவிட்டு வரும் தண்ணீர். மேட்டூரில் திறந்த நீர் கல்லணைக்கு வந்து சேர மூன்று நான்கு நாட்களாகின்றன. அணை திறக்கும் செய்தி முன்பே வந்துவிடுகிறது. முறைப்பாசனத்தில் எந்த நாளில் எந்த வாய்க்காலுக்குத் தண்ணீர் என்பது கூட நமக்குத் தெரியும்.

மலையோடையின் கணக்கு வேறு. சரிவு செங்குத்து, அடியில் பாறை, பெய்த மழையை உறிஞ்சித் தாமதப்படுத்த அங்கே வண்டல் கிடையாது. மேலே எங்கோ ஒரு முகட்டில் கொட்டிய மழை, நம் தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே, அரை மணி நேரத்துக்குள் அருவிக்கு வந்துவிடலாம். ஆகையால் வானத்தைப் பார்ப்பதை விடத் தண்ணீரைப் பாருங்கள். தெளிந்த நீரில் செம்மண் நிறம் நூல் நூலாகக் கலப்பதும், சருகும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வருவதும், அருவியின் இரைச்சல் கனப்பதும் அடையாளங்கள். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் துணியையும் செருப்பையும் தேடாமல் உடனே பக்கவாட்டில் மேடேறிவிட வேண்டும். ஓடையின் போக்கிலேயே கீழ்நோக்கி ஓடக் கூடாது.

நீச்சல் தெரிந்த பிள்ளைகளைத்தான் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்பேன். ஆற்று மணலில் குதித்த கால், பாறைக் குட்டையிலும் குதிக்கத் துணியும். நுரைக்கு அடியில் கல் எங்கே இருக்கிறது என்பது கரையிலிருந்து தெரியாது. நேர் அருவிக்கு அடியில் நிற்பதும் வேண்டாம், நீரோடு கல்லும் விழக்கூடும். ஓரத்தில் தெறிக்கும் சாரலிலேயே இரண்டு நிமிடத்தில் உடல் முழுவதும் நனைந்துவிடும்.

கேள்வி: ஆடிப்பெருக்கு அன்று கொல்லிமலைக்குப் போகலாமா?
– வாசகி, திருவையாறு

பதில்: கடையெழு வள்ளல்களில் ஒருவரான வல்வில் ஓரிக்கு ஆடி 17, 18 இரு நாட்களிலும் கொல்லிமலையில் விழா நடக்கிறது. விழாவைப் பார்க்க விரும்பினால் அப்போதே போங்கள். தங்குமிடத்தை முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளுங்கள். அருவிதான் நோக்கம் என்றால் அந்த நெரிசலில் ஈரப் படிகளில் இறங்குவது நல்லதல்ல. பதினெட்டாம் பெருக்கை வழக்கம்போலப் புஷ்ய மண்டபப் படித்துறையில் கும்பிட்டுவிட்டு, பத்து நாள் கழித்து, சனி ஞாயிறு தவிர்த்து ஒரு நாளில் புறப்படுங்கள்.