கியர்பாக்ஸ், கிரவுன் ஆயிலை எங்கே மாற்றுவது: சர்வீஸ் சென்டரிலா, வெளிப் பட்டறையிலா?

ஆட்டோமேட்டிக் கியர் உள்ள நான்கு சக்கர இயக்க வண்டி, 90,000 கி.மீ. ஓடிவிட்டது, வாரண்டியும் முடிந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (எஞ்சின் சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டி), முன் கிரவுன், பின் கிரவுன் (அச்சின் நடுவில் இரு பக்கச் சக்கரங்களுக்கும் சுழற்சியைத் தரும் டிஃபரன்ஷியல்) என நான்கிலும் ஆயில் மாற்ற வேண்டும், யாரிடம் கொடுப்பது என்பது உங்கள் கேள்வி.

நான்கையும் ஒரே இடத்தில் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. கிரவுனையும் டிரான்ஸ்ஃபர் கேஸையும் பொறுப்பான எந்த மெக்கானிக்கிடமும் கொடுக்கலாம். கியர்பாக்ஸை மட்டும், ஆயிலின் சூட்டை ஸ்கேனரில் (வண்டியின் கணினியோடு இணைத்துப் பார்க்கும் கருவி) பார்த்து அளவு வைக்கிறவரிடம் கொடுங்கள். அவர் சர்வீஸ் சென்டரில் இருந்தாலும் சரி, தனிப் பட்டறை வைத்திருந்தாலும் சரி.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் வண்டியும் இதே அமைப்புதான். எஞ்சின் ஆயில் மாற்றப் போன இடத்தில், கியர்பாக்ஸ் ஆயிலையும் மாற்றித் தருகிறோம் என்றார்கள், சரி என்றேன். ஒரு வாரத்தில், காலையில் ரிவர்ஸ் போட்டால் இரண்டு நொடி கழித்துத்தான் வண்டி அசைந்தது. மேட்டில் ஏறும்போது எஞ்சின் உறுமியது, வேகம் வரவில்லை. கியர்பாக்ஸ் வேலை மட்டுமே செய்யும் ஒருவரிடம் கொண்டுபோனேன். ஏறக்குறைய ஒரு லிட்டர் குறைவாக இருந்தது.

எப்படிக் குறைந்தது? இப்போதைய ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பலவற்றில் டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) கிடையாது. ஆயிலை ஊற்றி, லெவல் போல்ட்டைத் திறந்து, வழிவதைப் பார்த்துத்தான் அளவு வைக்க வேண்டும். அதையும் எஞ்சின் ஓடும்போது செய்ய வேண்டும். எஞ்சின் ஓடினால்தான் பம்ப் ஆயிலை இழுத்து டார்க் கன்வர்ட்டரையும் (எஞ்சின் சக்தியை ஆயில் வழியே கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பகுதி) வால்வ் பாடியையும் (கியர் மாற ஆயிலைத் திருப்பிவிடும் பகுதி) நிரப்பும். எஞ்சினை நிறுத்திவிட்டு ஊற்றினால் எல்லாம் அடித்தட்டிலேயே நிற்கும், சீக்கிரமே வழிந்துவிடும், நிரம்பிவிட்டது என்று போல்ட்டை மூடிவிடுவார்கள். என் வண்டியில் நடந்தது அதுதான்.

இரண்டாவது பட்டறையில் அந்த வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பிரேக்கை மிதித்தபடி ஒவ்வொரு கியரிலும் சில நொடி நிறுத்தி, மறுபடி பார்க்கில் போட்டார். ஸ்கேனரில் சூடு 31, 34, 37 என்று ஏறியது. 40-ஐ நெருங்கியதும் போல்ட்டைக் கழற்றினார். சிவப்பு ஆயில் நூல் மாதிரி வழிந்து, மெலிந்து, சொட்டுச் சொட்டாக மாறியதும் புது வாஷர் போட்டு மூடினார். எத்தனை டிகிரியில் பார்க்க வேண்டும் என்பது கியர்பாக்ஸுக்குக் கியர்பாக்ஸ் மாறும், அந்தந்த மேனுவலில் இருக்கும். ஆயில் ஆறிக் கிடக்கும்போது அளவு வைத்தால், சூடேறி விரிந்த பிறகு அளவு கூடிவிடும்.

கிரவுனில் இந்தத் தொல்லை இல்லை. ஃபில்லர் துளையின் விளிம்பு வரை ஊற்றினால் போதும். ஒரே ஒரு விஷயம்: மேல் போல்ட்டைத் திறந்து பார்த்த பிறகுதான் கீழ்ப் போல்ட்டில் ஸ்பேனர் வைக்க வேண்டும். பழைய ஆயிலை வடித்துவிட்டு, துருப்பிடித்த மேல் போல்ட் வராமல் போனால் வண்டி அங்கேயே நிற்கும். “முதலில் எந்தப் போல்ட்டைத் திறப்பீர்கள்?” என்று மெக்கானிக்கிடம் கேட்டுப் பாருங்கள். வேலை தெரிந்தவர் யோசிக்காமல் சொல்லிவிடுவார். லிமிட்டெட் ஸ்லிப் கிரவுன் (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் தடுப்பது) என்றால் அதற்கேற்ற ஆயில் வேண்டும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது ஆயில். “எல்லா வண்டிக்கும் ஒரே ஏடிஎஃப்தான்” (ஏடிஎஃப் என்பது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) என்று சொல்லும் இடத்திலிருந்து கிளம்பிவிடுங்கள். பெல்ட்டும் புல்லியும் கொண்ட சிவிடி வகை ஆட்டோமேட்டிக் வண்டியில் சாதாரண ஏடிஎஃப் ஊற்றினால் பெல்ட்டுக்கும் புல்லிக்கும் இடையே பிடிப்பு கெடும். மேனுவல் கியர்பாக்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: ஜிஎல்-4 தரக் கியர் ஆயில் கேட்கிற பெட்டியில், ஜிஎல்-5 தான் உசத்தி என்று ஊற்ற விடாதீர்கள். அதிலுள்ள கந்தகக் கலவை கியர் உரசாமல் மாற உதவும் பித்தளை சின்க்ரோ வளையங்களை அரிக்கக்கூடும். கிரவுனுக்கு ஜிஎல்-5 சரி. எந்த ஆயில் என்று மேனுவலில் பார்த்து எழுதிக்கொண்டு போங்கள், சீல் உடைக்காத டப்பாவை உங்கள் முன்னால் திறக்கச் சொல்லுங்கள்.

சர்வீஸ் சென்டரில், “இது ஆயுள் முழுக்க வரும் ஆயில், மாற்றவே வேண்டாம்” என்று சொல்லக்கூடும். பல கார்களுக்கு கியர்பாக்ஸ் செய்து தரும் இசட்எஃப் நிறுவனமே தன் 8 கியர் பெட்டிக்கு 80,000 முதல் 120,000 கி.மீ.க்குள் ஆயில் மாற்றச் சொல்கிறது. நான் அந்தப் பேச்சைத்தான் கேட்பேன்.

இயந்திரம் வைத்து மொத்த ஆயிலையும் ஃப்ளஷ் செய்கிறோம் என்பார்கள். நான் வேண்டாம் என்றேன். வடித்து ஊற்றினால் பாதிக்கும் குறைவாகத்தான் மாறும், மீதி கன்வர்ட்டரில் தங்கிவிடும், உண்மைதான். அதனால் சில ஆயிரம் கி.மீ. ஓட்டிவிட்டு இன்னொரு முறை வடித்து ஊற்றினேன். அடித்தட்டைக் கழற்றி ஃபில்டரையும் மாற்றுகிறார்களா என்பதுதான் எனக்கு முக்கியம். சில பெட்டிகளில் ஃபில்டர் தட்டோடு சேர்ந்தே வரும், முழுத் தட்டையும் மாற்ற வேண்டும்.

தட்டைக் கழற்றும்போது உள்ளே இருக்கும் காந்தத்தைக் காட்டச் சொல்லுங்கள். விரலில் மை மாதிரி ஒட்டும் சாம்பல் நிறப் பசை இயல்பான தேய்மானம். கையில் குத்துகிற சிராய் வந்தாலோ, ஆயில் கருகிய வாடை அடித்தாலோ, ஆயில் மாற்றம் மட்டும் அதைக் குணப்படுத்தாது. அதை உங்களிடம் மறைக்காமல் சொல்கிறவரைத்தான் நான் தேடிப் போவேன்.

வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் இரவில் அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்து வையுங்கள். காலையில் ஒரு சொட்டு விழுந்திருந்தாலும் அன்றே திரும்பக் கொண்டுபோங்கள். டிப்ஸ்டிக் இல்லாத பெட்டியில் எவ்வளவு ஒழுகியது என்று நாமாகப் பார்க்க வழியில்லை.